கொல்லையிலிருந்து பொடக்காலிக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, சித்திரை மாதக் கடைசியில், மயிலாடுதுறையில் 26 ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, கோயம்புத்தூருக்கு மேற்கே வடவள்ளியில் ஒரு பழைய வீட்டை விலைக்கு வாங்கிக் குடிவந்தோம். மகளுக்கு இங்கே வேலை, கணவர் ஓய்வு பெற்றுவிட்டார், காரணம் அவ்வளவுதான். வீட்டைப் பார்க்க வந்த முதல் நாளே நான் அறைகளைப் பார்ப்பதற்கு முன்பு பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். மொத்தம் 6 சென்ட் மனையில் வீடு போக, பின்புறமும் தெற்கிலும் மேற்கிலுமாக ஏறத்தாழ இரண்டரை சென்ட் வெறும் நிலம் கிடந்தது. ஒரு மூலையில் வயதான முருங்கை மரம் ஒன்று, மதிலோரம் காய்ந்த பார்த்தீனியம், ஒரு துணி துவைக்கும் கல். நாங்கள் கொல்லை என்று சொல்வதை இந்த ஊரில் பொடக்காலி என்கிறார்கள். சொல் மாறியதைப் போலவே அதற்குள் இருந்த எல்லாமும் மாறியிருக்கும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. 26 ஆண்டுகள் தோட்டம் வைத்தவள் என்ற நினைப்பு இருந்தது. நான் அறிந்திருந்தது தோட்டக்கலையை அல்ல, மயிலாடுதுறையின் அந்த ஒரு கொல்லையை மட்டுமே என்று புரிய ஓராண்டு ஆயிற்று.

அந்தக் கொல்லையைப் பற்றி ஓரிரு வரி சொல்ல வேண்டும். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களியும் கலந்த மண்; அடிபம்பில் நாலு தடவை அடித்தால் தண்ணீர்; ஐப்பசியும் கார்த்திகையும் வானம் பொத்துக்கொண்டு கொட்டும். அங்கே எனக்கிருந்த கவலையெல்லாம் தண்ணீர் வடிய வேண்டுமே என்பதுதான். கோயம்புத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர். காவிரிப் படுகையின் கடலோரத்தில் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதிதான் ஓர் ஆண்டில் இங்கே பெய்கிறது. இதைப் பள்ளிக்கூடப் பாடமாக நான் படித்ததுண்டு, பிள்ளைகளுக்கு நடத்தியதுமுண்டு. ஆனால் வீட்டுச் சாமான்களை ஏற்றும்போது அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை. 14 தொட்டிகளையும் லாரியில் ஏற்றினேன்.

செடிகளை ஏற்றிய விதத்திலேயே பிழை தொடங்கிவிட்டது. வழியில் வாடிவிடக் கூடாதே என்று புறப்படும் அன்று காலையில் எல்லாத் தொட்டிகளுக்கும் தண்ணீரை நிறைய ஊற்றினேன். கனம் கூடியது, லாரி குலுங்கிய குலுக்கலில் ஈரமண் வேரைவிட்டுக் கழன்றது. அதைவிடப் பெரிய கேடு காற்று. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் திறந்த லாரியில் கோடைக்காற்றை வாங்கிக்கொண்டு வந்த இலைகள், வேரால் ஈடுகட்ட முடியாத வேகத்தில் ஈரத்தை இழந்தன. இரண்டு நாள் முன்னதாகவே தண்ணீர் விட்டு, புறப்படும் நாளில் நிறுத்தி, இலைகளில் பாதியைக் கத்தரித்து, நனைத்த சாக்கைச் சுற்றி மூடிக் கொண்டுவந்திருக்க வேண்டும். 14 தொட்டிகளில் பிழைத்தவை ஏழு: பிரண்டை, சோற்றுக்கற்றாழை, செம்பருத்தி, கறிவேப்பிலை, மருதாணி, கல்வாழை, பிறகு மாமியார் வீட்டுக் கிணற்றடியிலிருந்து வந்த வெற்றிலைக் கொடி. ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருந்த மஞ்சள் கிழங்கும் சேனைக்கிழங்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வந்து சேர்ந்தன. வீடு மாறுகிறவர்கள் தொட்டிகளை விட்டுவிட்டு கிழங்கையும் விதையையும் நடுவதற்கு வெட்டிய கிளைத் துண்டான போத்தையும் மட்டும் எடுத்துச் சென்றால் போதும் என்பது இப்போது என் கருத்து. ஆனால் அந்த வெற்றிலையை விட்டுவிட்டு வந்திருப்பேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

குடிவந்த மூன்றாம் வாரம், வைகாசியில், ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போய் ஒட்டு மாங்கன்று ஒன்றும் எலுமிச்சை ஒன்றும் வாங்கி வந்தேன். கொல்லை என்றால் முதலில் மா என்பது எனக்கு ஊறிப்போன எண்ணம். நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து, கடப்பாரை இறங்க மறுத்த ஒன்றரை அடியோடு குழியை நிறுத்திக்கொண்டு, கன்றை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்பதை நாற்றுப்பண்ணையில் யாரும் சொல்லவில்லை. பையிலேயே அந்த இடம் மண்ணுக்குள் புதைந்திருந்தது, நானும் கவனிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். பத்து நாளில் இலையோரம் கருகத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஆடி பிறப்பதற்குள் மாங்கன்று பட்டுப்போனது. எலுமிச்சை சாகவும் இல்லை, வளரவும் இல்லை; வைத்தது வைத்தபடி நின்றது.

பட்டுப்போன கன்றைப் பிடுங்கும்போதுதான் அந்த ஒன்றரை அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தேன். மேலே அரை அடிக்குச் செம்மண். அதன் கீழே வீடு கட்டியபோது மனையை உயர்த்துவதற்காகக் கொட்டி இடித்த கிராவல். கிராவலுக்குள் செங்கல் துண்டு, பூச்சுச் சிமெண்டுப் பாளம், உடைந்த ஓடு, துருப்பிடித்த குழாய். இன்னும் இறங்கினால் உண்மையான நிலம், கரிசல். அதாவது நான் நட்டது நிலத்தில் அல்ல, கட்டட வேலையின் மிச்சத்தில். அடுத்த ஒரு மாதம் நானும் கணவரும் தினமும் காலையில் ஒரு மணி நேரம் தோண்டிச் சலித்து 11 சாக்குக் குப்பையை வெளியேற்றினோம். அந்தக் குழியிலும் வேறு இரண்டு இடத்திலும் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டித் தண்ணீரை நிரப்பி, அது வடிந்த பிறகு மறுபடி நிரப்பிப் பார்த்தோம். மேற்கு ஓரத்தில் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. மாங்கன்று இருந்த குழியில் மறுநாள் காலையிலும் நாலு விரல் தண்ணீர் நின்றது. இலை கருகியது தண்ணீர்க் குறைவால் அல்ல. இடித்து இறுகிய கிராவல் கிண்ணத்தில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகியதால். கன்றுக்கு இரண்டாயிரம் லிட்டர் பாய்ச்சிய பிறகு செய்த இந்தச் சோதனையை ஒரு குடம் தண்ணீர் செலவில் முதல் நாளே செய்திருக்கலாம்.

அடுத்து மண்ணைச் சோதித்தோம். எங்கள் வீட்டிலிருந்து நகருக்குப் போகும் மருதமலைச் சாலையில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தனை பெரிய வசதியை அருகில் வைத்துக்கொண்டு நான் ஊகத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்தேன். மண் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில வி எழுத்தைப் போல அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். நிலத்தில் ஏழெட்டு இடங்களில் இப்படி எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மீண்டும் கலந்து, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைக்க வேண்டும். எரு கொட்டிய இடம், மர நிழல், மதிலோரம் இவற்றைத் தவிர்க்க வேண்டும். எங்கள் மண்ணின் கார அமில நிலை 8.4 என்று வந்தது, அதாவது காரமண்; மண்ணில் உள்ள மட்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் மிகக் குறைவு. வீட்டுக்கு வந்து, ஒரு கைப்பிடி மண்ணில் வினிகரை ஊற்றிப் பார்த்தேன். சோடாவைத் திறந்தாற்போல் நுரைத்தது. சிமெண்டின் சுண்ணாம்பும் கரிசலுக்கே இயல்பான சுக்கான் கல்லின் சுண்ணாம்பும் அந்த நுரையில் தெரிந்தன.

கறிவேப்பிலையும் செம்பருத்தியும் ஏன் மஞ்சளாகின்றன என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று பொருளல்ல; இருக்கிறது, ஆனால் காரமண்ணில் அது வேர் உறிஞ்ச முடியாத வடிவத்தில் இறுகிக் கிடக்கிறது. அதனால் எவ்வளவு எரு கொட்டினாலும் உடனே பலன் தெரியாது. நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, ஒரு கிராம் எலுமிச்சை உப்பைச் சேர்த்து, மாலை வேளையில் இலையின் மேல் தெளித்தேன். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்ததும் தளிர் பச்சையாக வந்தது. இது நோய்க்கு மருந்தே தவிர மண்ணுக்கு உணவு அல்ல. மண்ணை மாற்றுவது வேறு வேலை.

அதற்குள் காற்று வந்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அது ஒரு பேச்சு. இங்கே அது ஒரு பருவம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற ஒரே பெரிய இடைவெளி கோயம்புத்தூருக்கு நேரே திறந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று வைகாசிக் கடைசியில் நுழைந்து ஆவணிவரை ஓயாமல் வீசுகிறது. நான் புயல் கண்ட மாவட்டத்துக்காரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தென்னைகள் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களின் ஊர் எங்களுடையது. ஆனால் புயல் ஓர் இரவுப் பகை. வரும், அடிக்கும், போய்விடும். மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குத் தொடங்கி இலையைத் துவைத்துக்கொண்டே இருக்கும் காற்றுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெற்றிலைக் கொடி முதல் வாரத்திலேயே தளிர் கருகி, இரண்டாம் வாரத்தில் கணுக்கணுவாகக் காய்ந்தது. தொட்டியைத் திண்ணைக்குள் வைத்தேன், குளியலறைச் சன்னலோரம் வைத்தேன், ஈரச்சாக்கு கட்டினேன். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் கடைசிக் கணுவும் கறுத்தது.

பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். இந்த மனைகள் எல்லாம் சோளக்காடாக இருந்த காலத்திலிருந்து இங்கேயே வாழ்கிறவர். தெருவில் எல்லாரும் அவரை ஆத்தா என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் ஆத்தா. வைகாசியிலேயே மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, “அம்மிணி, காத்துக்கு முன்னாடி அந்த முருங்கையை மொட்டை அடிச்சு உட்டுருங்க, இல்லீன்னா ஊட்டு மேலதான் உழுகும்” என்று சொன்னார். காய்த்துக் குலுங்குகிற மரத்தை வெட்ட மனம் வராமல் நான் சரி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். முருங்கை வெறும் சோற்று மரம், உறுதி கிடையாது. ஆனி மாதக் கடைசியில் ஒரு பிற்பகலில் நடுக்கிளையே முறிந்து, நான் புதிதாகப் போட்டிருந்த புடலைப் பந்தலின் மேல் விழுந்தது. ஆத்தா மறுநாள் வந்து பார்த்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறிந்த கிளையிலிருந்து நாலடி நீளத்தில் இரண்டு போத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, “வெட்டுன பக்கம் நாலு நாளு நெழல்ல காயோணும், அப்பறம் நடுங்க” என்று எனக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஒவ்வோர் ஆண்டும் வைகாசி பிறந்ததும் அடிமரத்தை மூன்றடியோடு நிறுத்திவிடுகிறோம். புதுக் கிளை விட்டுக் காய்ப்பதும் கைக்கெட்டும் உயரத்திலேயே அமைகிறது.

மதிலை இரண்டடி உயர்த்திவிடலாம் என்று கணவர் சொன்னார். சொன்னவரே அதைத் தேடிப் படித்துவிட்டு வேண்டாம் என்றும் சொன்னார். முழுக்க அடைத்த சுவரில் மோதும் காற்று மேலேறிச் சுவருக்குப் பின்னால் சுழன்று விழுகிறது. அந்தச் சுழல் நேர்க்காற்றைவிட மோசம். பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலிதான் செடிக்கு நல்லது. எனவே மேற்கு ஓரம் முழுக்கச் சவுக்குக் குச்சி ஊன்றிப் பச்சை நிழல்வலையை கட்டினோம். அதன் அடியில் ஆடியிலேயே அகத்தி விதையை ஒரு முழத்துக்கு ஒன்றாக நெருக்கி ஊன்றினேன். அகத்திக்கு முன்னால் ஒரு வரிசை துவரை. வலை இரண்டு கோடைக்கு மேல் தாங்காது, அதற்குள் அகத்தி எழுந்துவிட வேண்டும் என்பது கணக்கு.

மற்ற நிலத்தில் அந்த ஆடியில் காய்கறி வேண்டாம் என்று முடிவு செய்தோம். இந்த முடிவுக்கு வர எனக்குச் சிறிது கசப்பாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டிய நேரத்தில் நிலத்தைச் சும்மா விடுவதாகத் தோன்றியது. ஆனால் அது சும்மா விடுவது அல்ல. இயற்கை வேளாண்மை அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவந்த பலதானிய விதைப்பைத்தான் செய்தோம். தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், வாசனைப்பொருள் என்று ஐந்து வகையிலும் கிடைத்ததைக் கலந்து விதைத்து, பூக்கும் தருணத்தில் மண்ணுக்குள் மடக்கி உழுவது அந்த முறை. எங்களிடம் கம்பு, சோளம், தினை, உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கடுகு, கொத்தமல்லி ஆகியவை இருந்தன. பெரும்பாலானவை அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் மளிகைப் பொட்டலத்திலிருந்தும் வந்தவை. மளிகைக் கடைப் பயற்றில் எல்லாம் முளைக்காது, ஆனாலும் பாதிக்கு மேல் முளைத்தது. தக்கைப்பூண்டு விதையை மட்டும் தனியாக வாங்கினேன். சென்டுக்கு 200 கிராம் போதும். நான் அதைப்போல இரண்டு பங்கு தூவினேன். தக்கைப்பூண்டு எனக்குப் பழைய தோழி. எங்கள் பக்கத்து வயல்களில் நடவுக்கு முன்பு அதை வளர்த்துச் சேற்றில் மிதிப்பார்கள். காரத்தையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும் பயிர் என்பதால் என் கிராவல் கிண்ணத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது.

45 நாளில் இடுப்பளவுக்கு ஒரு காடு நின்றது. அந்தக் காட்டைப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எள்ளுப்பூவும் கடுகுப்பூவுமாக, தேனீயும் தட்டானுமாக. அதை வெட்டி மடக்குவதற்கு மனமில்லாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், தள்ளிப்போட்ட ஒரு வாரத்தில் சோளத் தட்டை முற்றி, மட்குவதற்கு ஒரு மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. புரட்டாசியில் வெட்டிப் பரப்பி, மக்கிய ஆட்டு எருவை மேலே தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டினோம். எரு வாங்கும்போது மக்கியதா என்று கையில் எடுத்து முகர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மக்காத மாட்டெருவோடு எங்கள் வீட்டுக்கு வந்தது கோரைக்கிழங்கு. அது இன்னும் போகவில்லை. பிடுங்கினால் அடியில் கிழங்கு அறுந்து தங்கி, ஒன்று மூன்றாக முளைக்கிறது. தினமும் ஒரு கை பிடுங்கிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி எனக்கு அகப்படவில்லை.

ஐப்பசி மழையில்தான் இந்த நிலம் பேசத் தொடங்கியது. புரட்டிப்போட்ட மண்ணில் நாங்கள் விதைக்காத பச்சை எல்லாம் முளைத்தது. களை என்று நான் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த அன்று ஆத்தா மதிலைச் சுற்றி வந்து, என் கையிலிருந்த செடியை வாங்கி, மடியில் போட்டுக்கொண்டார். அது பண்ணைக்கீரை. அடுத்தது தொய்யக்கீரை. அதற்கடுத்துப் படர்ந்திருந்தது பருப்புக்கீரை. மூக்கிரட்டையைக் காட்டி மூட்டுக்கு நல்லது என்றார். அரை மணி நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் ஆகுமளவு கீரை சேர்ந்தது. நான் வளர்த்து அல்ல, நான் பிடுங்கி எறியாமல் இருந்ததால். பண்ணைக்கீரையை எங்கள் ஊரில் யாரும் சமைத்து நான் பார்த்ததில்லை. துவரம்பருப்போடு சேர்த்துக் கடைந்து, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்துச் சோளச் சோற்றுக்கு ஊற்றிக் கொடுத்தார். அந்தப் புது வீட்டுத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் விளைச்சல் அதுதான். பருப்புக்கீரை எங்கெல்லாம் செழித்ததோ அங்கெல்லாம் மண் நெகிழ்ந்திருந்ததையும், மாங்கன்று இருந்த மூலையில் மட்டும் கோரை தவிர எதுவும் எழாததையும் அப்போதுதான் கவனித்தேன். ஆய்வுக்கூடத் தாள் மொத்த நிலத்துக்கும் ஒரே எண்ணைத் தந்தது; களைகள் அடிக்கு அடி வேறுபாட்டைக் காட்டின.

கார்த்திகையில் நாற்றுவிட்ட தக்காளியையும் கத்தரியையும் மயில்கள் தின்றன. மருதமலை அடிவாரத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு மதில்மேல் இறங்கும். பூனை நடைபோல நடந்து வந்து, குருத்தை மட்டும் தேர்ந்து கொத்தும். 1963 முதல் தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. முருகன் வாகனம் வேறு. விரட்டுவதற்குக் கை தட்டலாம், அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மூங்கில் வளைத்து வலை போட்ட பாத்தியில் மட்டுமே நாற்று நிற்கிறது. யானை வரும் தொண்டாமுத்தூர் பக்கத்தை நினைத்தால் மயிலோடு விட்டதே என்று ஆறுதல் அடைகிறேன்.

அடுத்த பாடத்தைச் சொன்னது வெயில். தெற்கு ஓரத்தில் 12 அடி அகலத்தில் ஒரு பட்டை உண்டு. குடிவந்தபோது அங்கே காலை முதல் மாலை வரை வெயில் அடித்ததைப் பார்த்துக் காய்கறிப் பாத்திகள் எல்லாம் அங்கேதான் என்று முடிவு செய்திருந்தேன். மார்கழியில் அந்தப் பட்டை முழுக்க நிழலில் மூழ்கியது. கோயம்புத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் தெற்கே வெகுவாகச் சாய்ந்துவிடும். தெற்கு வீட்டின் மாடி 22 அடி உயரம் என்றால், மார்கழி நண்பகலில்கூட அதன் நிழல் ஏறத்தாழ 15 அடி நீளும். நான் பார்த்தது சித்திரை வெயில். தை மாதத்து அவரைக்கும் தக்காளிக்கும் வெயில் தேவைப்படும் காலத்தில் அந்த இடத்தில் பகல் முழுக்க ஈரம்கூடக் காயாது. அவரை பொழுது குறையும் நாள்களில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் கார்த்திகையில் பூ வைக்கும். அப்படிப்பட்ட கொடியை மார்கழி நிழலில் ஏற்றுவது வீண். இப்போது அந்தப் பட்டையில் மஞ்சளும் சேனையும் சேம்பும் இருக்கின்றன. கோடையில் தழைத்து மார்கழி, தையில் இலை மடிந்து அறுவடைக்கு வருகிறவை, ஆதலால் அவற்றுக்கு அந்த நிழலால் நட்டமில்லை.

பூச்சியைப் பற்றி ஒன்றே ஒன்று. இரண்டாம் ஆண்டு கோடையில் செம்பருத்தியும் பப்பாளியும் வெள்ளை மாவு பூசியதுபோல் ஆயின. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதன்முதலாக 2008இல் கண்டறியப்பட்டது இதே கோயம்புத்தூரில்தான். மல்பெரியையும் மரவள்ளியையும் அது அழித்த வேகத்தைப் பட்டுப்புழு வளர்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. மருந்தடித்து அடங்காத அந்தப் பூச்சியை அடக்கியது 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள். அந்தக் குளவி நம் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம் என்ற எண்ணத்தில் நான் நஞ்சு எதையும் தெளிப்பதில்லை. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினேன், முற்றிய கிளையை வெட்டி எரித்தேன், எறும்பு ஏறாமல் தண்டில் விளக்கெண்ணெய் தடவினேன். மாவுப்பூச்சி கசியவிடும் தேன் போன்ற இனிப்பு நீருக்காக அதைக் காவல் காப்பது எறும்புதான். எறும்பு விலகினால் பாதி வேலை முடிந்தது.

மரம் வைப்பது பற்றி இப்போது யாராவது கேட்டால், குடிபுகுந்த முதல் ஆண்டில் வைக்காதீர்கள் என்று சொல்கிறேன். காற்று எந்தப் பக்கம், மார்கழி நிழல் எதுவரை, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது ஒரு சுற்று முடியாமல் தெரியாது. கீரை தவறினால் 25 நாள் போகும், மரம் தவறினால் ஐந்தாண்டு போகும். எலுமிச்சையை இரண்டாம் ஆண்டு ஆவணியில் மேற்கிலிருந்து வடகிழக்கு மூலைக்கு மாற்றினோம், ஒரு மாதம் சோர்ந்திருந்துவிட்டுத் துளிர்த்தது. புது மாங்கன்றுக்கு மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து ஆறவிட்டிருக்கிறேன். இந்த முறை கரிசலைத் தொடும்வரை கடப்பாரையை நிறுத்தவில்லை.

அகத்தி ஓராண்டில் வீட்டுச் சன்ஷேடைத் தொட்டது. இரண்டாவது ஆடியில் மூன்று மரம் முறிந்தது, மற்றவை வளைந்து நின்றன. நுனியை வெட்டி விட்டதும் பக்கக் கிளை விட்டு அடர்ந்தன. ஒரு நாள் காலையில் அமாவாசைக்காகக் கீரை பறித்துக்கொண்டிருந்தபோது அந்த வரிசையை நின்று பார்த்தேன். மேலே சல்லடை நிழல், கீழே ஈரம் காயாத மண், காற்று உள்ளே வராமல் தலைக்கு மேலே போகிறது. கும்பகோணம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்கள் இப்படித்தான் இருக்கும். அகத்தியை வேலிக்காக வைத்தவளுக்கு, வெற்றிலைக்குக் கால் கொடுப்பதே அகத்திதான் என்பது ஓராண்டு கழித்து நினைவுக்கு வந்ததை என் கணவர் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்.

ஐப்பசியில் ஒரு திருமணத்துக்காக மயிலாடுதுறை போனபோது மாமியார் வீட்டுக் கிணற்றடியில் அதே கொடியிலிருந்து மூன்று கணு உள்ள துண்டுகளாக எட்டு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, வாழை மட்டைக்குள் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். அகத்திக்கு ஒன்றாக ஊன்றியதில் ஐந்து பிடித்தன. காலையும் மாலையும் ஒரு சொம்புத் தண்ணீர். கோடையில் அடியில் சருகு மூடாக்கு. இந்த வாரம் அளந்து பார்த்ததில் உயரமானது நாலடி ஏறியிருக்கிறது. நேற்று வாழைநாரைக் கிழித்து நனைத்து, புதுக்கணு ஒவ்வொன்றையும் அகத்தித் தண்டோடு சேர்த்துக் கட்டினேன். ஆத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “காத்து இன்னும் பதினஞ்சு நாள்ல வந்துருமுங்க, இன்னொரு கட்டு போடுங்க” என்றார். இந்த முறை உடனே இன்னொரு கட்டுப் போட்டேன்.